ஷிப்ட் பஸ் தபால்

போன வாரம் வீட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. மிக்சிக்கு மாற்று ஜாடி. கொண்டுவந்தவர் வழியில் வண்டிச் செயினைச் சரிசெய்திருப்பார் போலிருக்கிறது, அட்டைப்பெட்டியின் மேல் விரல்கள் எண்ணெயாகப் பதிந்திருந்தன. என் மனைவி முகம் சுளித்தாள். நான் பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டு நின்றேன்.

"ஜாடியை எடுத்துக் குடுத்துட்டு அப்புறமா பெட்டியக் கொஞ்சுங்க" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இதே மாதிரி எண்ணெய்க்கறை படிந்த காகிதங்களை ஒரு காலத்தில் ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரன் நான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தபால்காரன் என்றால் அரசாங்கத் தபால்காரன் இல்லை. மெட்ராஸுக்கு வெளியே, மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்தேன். காருக்கான ஏதோ ஓர் இரும்புச் சாமானைக் கடைந்து கொடுக்கிற மெஷினில் வேலை. அந்தச் சாமான் காரில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்காமலே விட்டுவிட்டேன். டிப்ளமோ முடித்த கையோடு கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த நாங்கள் சில பேர் மணிமங்கலத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தோம். முறை போட்டுச் சமையல். என் முறை வருகிற நாளில் மற்ற எல்லோருக்கும் ஓவர்டைம் இருந்துவிடும். அது தற்செயல் என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கத்தில் கம்பெனி பஸ் நுழையாத ஊர் கிடையாது. மத்தியானம் ஷிப்ட் மாறும்போது வரிசையாக வந்து நிற்கும். பி ஷிப்ட்டை இறக்கிவிட்டு, காலையில் வந்த ஏ ஷிப்ட்டை ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பும். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. சவரிமுத்து ஐயாவை முதலில் அங்கேதான் பார்த்தேன். அந்த ஊர்க்காரர், வயது எழுபதுக்கு மேல். வெள்ளை ஜிப்பா, தோளில் துண்டு. பஸ்களின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். எங்கள் பஸ் வந்ததும் டிரைவர் ஏழுமலையிடம் ஒரு கடித உறையை நீட்டினார்.

"இன்னா பெருசு, இது கம்பெனி பஸ்ஸு. ஸ்டாஃபுக்கு மட்டுந்தான்."

ஐயாவுக்குக் காது கிட்டத்தட்ட முழுசாகப் போய்விட்டிருந்தது. ஆனாலும் ஏழுமலை கையை ஆட்டிய விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. "லெட்டர் இன்னா சீட்லயா குந்தப் போவுது?" என்றார்.

அதற்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான், மெஷின் எண்ணெய் படிந்த கையை நீட்டி உறையை வாங்கிக்கொண்டேன். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பசி. இந்தப் பேச்சு முடிந்தால்தான் பஸ் கிளம்பும், பஸ் கிளம்பினால்தான் சோறு.

அவர் கவிஞர் என்பது பிறகுதான் தெரிந்தது. சில புத்தகங்கள் போட்டவர். காது போனதிலிருந்து அவருக்கு டெலிபோனால் பிரயோஜனம் இல்லை. காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தாராம். "ஒலகத்துல இவ்ளோ சத்தம் கீதான்னு பயந்து கழட்டி வெச்சுட்டேன்" என்பார். அதனால் எல்லாம் கடிதம்தான். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத் தபாலில் போடுவார். பக்கத்து ஊர்களுக்கு மட்டும் அவர் தபாலை நம்பமாட்டார். "இங்க கீற ஊருக்குப் போற லெட்டரு மெட்ராஸ சுத்திப் பாத்துட்டு வருது தம்பி" என்று புகார். வல்லக்கோட்டையில் அவருடைய பழைய சிநேகிதர், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இருந்தார். அவருக்கான கடிதம் வல்லக்கோட்டை பஸ்ஸில் பேக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர் கையில் போகும். மறுநாளே வாத்தியாரின் பதில், முருகன் கோயில் விபூதிப் பொட்டலத்தோடு வந்து சேரும். ஐயா மாதா கோயிலுக்குப் போகிறவர். விபூதியை ஏழுமலையிடம் கொடுத்துவிடுவார். ஏழுமலை ரூல்ஸ் பேசுவதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான்.

என் கையில் கொடுத்த கடிதம் மணிமங்கலத்தில் இருக்கும் அவருடைய அக்கா லூர்தம்மாவுக்கு. அந்த அம்மாள் அவரோடு பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு கவிதை. சிரிக்காதீர்கள், கவிதையால் குடும்பம் பிரியும் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. உழவு மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு, அந்தக் காசில் குடித்துவிட்டு, மாடு இல்லாத கயிற்றைத் தலைக்கு வைத்துக் களத்தில் விழுந்து கிடந்த அப்பாவைப் பற்றிய கவிதை. அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே அதுதானாம். அதை மணிமங்கலத்தில் மாதா கோயில் திருவிழா மேடையில் ஏறிப் படித்திருக்கிறார். முன்வரிசையில் லூர்தம்மாவின் சம்பந்தி வீட்டார். அவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றோடு சரி. ஐயா நேரில் போனபோது அக்கா கதவைச் சாத்திவிட்டார். சாவதற்குள் அவள் ஒருதரம் 'சவரி' என்று கூப்பிட வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

முதல் கடிதத்தை அந்த அம்மாள் வாங்கவேயில்லை. இரண்டாவதை வாங்கி, வாசலில் நின்றபடியே படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "எட்த்துக்கினு போ. நான் பட்ச்சேன்னு சொல்லாத." அடுத்த கடிதத்தில், சின்ன வயதில் கிணற்றில் விழுந்ததைப் பற்றி ஐயா உருக்கமாக எழுதியிருந்தார் போல. அம்மாளால் தாங்க முடியவில்லை.

"இன்னா எழுதிக் கீறான் பாரு! கெணத்துல வுழுந்தது நானு. இவன் மேல நின்னு அழுதுகினு இருந்தான். போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். சொன்னேன் என்றால், செல்போனில் தட்டி, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவேன். அதுதான் எங்கள் வழக்கம். ஐயா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு கடிதத்துக்குக் கடிதம் ஒரு தப்பு இருந்தது. பசுவின் நிறம், சித்தப்பா பெயர், முருங்கை மரம் நின்ற மூலை. ஒவ்வொன்றுக்கும் அக்காவிடமிருந்து ஒரு திருத்தம். வேண்டுமென்றே செய்கிறீர்களா என்று தட்டிக் காட்டினேன். "கவிஞனுக்கு ஞாபகம் கம்மி தம்பி" என்று டீயைக் குடித்தார்.

அப்புறம் ஒருநாள் அவர் அப்பாவைப் பற்றியே எழுதிவிட்டார். உன் மனம் நோகும்படி ஆனதற்கு மன்னித்துக்கொள், ஆனால் கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன் என்று. லூர்தம்மா படித்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாரு குடிப்பாரு. இல்லேன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு குடிக்கல. காச்சலு. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. சந்தையில இருந்து வெறுங்கயிற புட்ச்சுகினு நடந்தே வந்து களத்துல சாஞ்சிட்டாரு. நான்தான் ஈரத்துணி போட்டுகினு இருந்தேன். இவன் சின்னப் புள்ள, தூர நின்னு பாத்தான். அத்தப் போயி பாட்டா எழுதிட்டான்."

"இத்தனை வருசமா ஏம்மா சொல்லல?"

"அவன் கேட்டானா? எழுதறதுக்கு முன்னால ஒரு வார்த்த என்னக் கேட்டானா?"

நான் செல்போனை எடுத்தேன். அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுல எழுதிக் காட்ற வேலலாம் வோணாம். ஊரு முன்னால தான படிச்சான்? ஊரு முன்னால வாயத் தொறந்து சொல்லு. அவனுக்குக் கேக்கற மாதிரி கத்திச் சொல்லு."

அந்த வாரம் எனக்கு ஏ ஷிப்ட். மறுநாளிலிருந்து ஐயாவைத் தூரத்தில் பார்த்தாலே பஸ்ஸில் பதுங்கினேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. ஷிப்ட் தொடங்குமுன் நிற்க வைத்து நடத்தும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பெயரைச் சொல்லச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் பி ஷிப்ட். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே ஐயா. இனித் தப்பிக்க முடியாது. அவர் காதருகே போய்க் கத்தினேன்.

"உங்கப்பா அன்னைக்குக் குடிக்கலையாம்!"

"இன்னா?"

சுற்றி எல்லா பஸ்ஸும் உறுமிக்கொண்டிருந்தன. அடிவயிற்றிலிருந்து மறுபடி கத்தினேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஏழுமலைக்கு என்ன தோன்றியதோ, இன்ஜினை அணைத்தார். பக்கத்து பஸ்ஸைத் தட்டி, "நிறுத்துப்பா, இன்னாவோ முக்கியமா சொல்றாப்ல" என்றார். ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நின்றார்கள். அந்த அமைதியில் நான் கத்தியது எனக்கே பயமாக இருந்தது.

"உங்கப்பா குடிக்கல! மாடு வித்த அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல்! நடந்தே வந்தாராம்! அக்காதான் ஈரத்துணி போட்டாங்களாம்! குடிக்கவே இல்ல!"

ஐயா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "காச்சலா?" என்று கேட்டார். உள்ளங்கையைத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார். "இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத் தோன்றவில்லை. அந்தக் கவிதையைக் கேட்டே இராத நூறு பேர் அங்கே நின்று, யாரோ ஒருவருடைய அப்பா குடிக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டார்கள்.

ஐயா நேராக எங்கள் பஸ்ஸுக்குப் போனார். ஏழுமலை கதவைத் திறந்து கைபிடித்து ஏற்றினார். "ஸ்டாஃபுக்கு மட்டும்னு சொன்ன?" என்று எவனோ கேட்டான். "தாத்தாவும் ஸ்டாஃபுதான், மூட்றா" என்றார்.

மணிமங்கலத்தில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை, மெஷின் முன்னால் தொண்டை கட்டி நின்றுகொண்டிருந்தேன். ஏழுமலைதான் சொன்னார். பஸ்ஸை அந்த வீட்டு வாசலிலேயே நிறுத்தினாராம். "அந்தம்மா வெளிய வந்து பாத்துச்சு. 'ஏண்டா சவரி, இத்தினி வருசமா உனக்கு பஸ்ஸே கெடைக்கலியா?'ன்னுச்சு. அவ்ளோதான் கேட்டேன், பின்னால வண்டிக்காரன் ஹாரன் அட்ச்சுட்டான்."

அதோடு என் தபால் வேலை போயிற்று. ஐயா வாராவாரம் ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். நேரிலேயே பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம்? இப்போது அந்தப் பஸ்களில் கார்டு தேய்த்தால்தான் ஏற முடியுமாம். டீக்கடை இருந்த இடத்தில் சர்வீஸ் ரோடு போகிறது.

அவர் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்தபோது அந்தக் கவிதை அதில் இல்லை. வல்லக்கோட்டை வாத்தியார் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். நீ எழுதியதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான், அதையும் எடுத்துவிட்டாயே பாவி என்று. ஐயா அதை எனக்குக் காட்டிச் சிரித்தார். குடித்ததாக வரும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றியிருக்கலாமே என்று தட்டிக் காட்டினேன்.

"மாத்தினேன் தம்பி. அக்காகிட்ட படிச்சும் காட்டினேன். 'இப்பதான் சரியா கீது. ஆனா பாட்டு நல்லால்லடா'ன்ட்டா."

நான் போட்ட கூச்சலில் தமிழ் ஒரு நல்ல கவிதையை இழந்துவிட்டது என்று வாத்தியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இழந்திருக்கலாம். எனக்கு அதில் துளிகூட வருத்தம் கிடையாது.