கண்ணளவு வயிறு

என் கொழுந்தனாரை இந்தத் தெருவில் எல்லோரும் ‘கத்திரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சலூன் வைத்திருக்கிறார். தலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், அப்படி ஒரு கை. கடைக் கண்ணாடிக்கு முன்னால் சின்னத் தொட்டியில் நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்றை வளர்த்தார். அது கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே அடங்காத பிள்ளைகள்கூடத் தலையை ஆட்டாமல் முடி வெட்டிக்கொள்ளும்.

ஒருநாள் கடையின் இரும்பு ஷட்டர் நழுவி அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாலே நடுக்கம். அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். சலூனைப் பூட்டினார். மீன் தொட்டியைத் தூக்கி வந்து எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

மீனோடு அதன் சாப்பாடும் வந்தது. உறைந்த ரத்தப்புழு. மாத்திரை அட்டை மாதிரி ஓர் அட்டையில் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள். சோறு வைக்கிற பிரிட்ஜில் புழுவா என்று நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர் அதை ஏதோ பழச்சாறு ஐஸ் என்று நினைத்து எலுமிச்சைச் சாற்றில் போடப் போனார். நான் போட்ட சத்தத்தில் டம்ளரையே கீழே விட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலையில் கொழுந்தனார் ஒரு கட்டியைக் கிண்ணத்துத் தண்ணீரில் கரையவிட்டு, ஒவ்வொரு புழுவாக இடுக்கியால் எடுத்து நீட்டுவார். வலது கையால். நழுவும். மறுபடியும் எடுப்பார். மீன் வாங்க வாங்க இவரும் கொடுத்துக்கொண்டே இருப்பார். பந்தைத் தொடாத கை மீனுக்காக வேலை செய்தது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. புழு வைக்கத் தனி டப்பாவே வாங்கிக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் கதை வேறு. தம்பி வெட்டுகிற தலையில் இன்னொருவர் கத்தரிக்கோல் படக் கூடாது என்று முடியை வளர்த்துக்கொண்டே போனார். ஆபீசில் சாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கல்லுளிமங்கன், அசையவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மீனுக்கு வயிறு ஊதியது. ஒருக்களித்து மிதந்தது. கொழுந்தனார் முகத்தில் ஈயாடவில்லை. அவரை இழுத்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினேன். தினமும் ரத்தப்புழு என்றதும் கடைக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“அதோட வயிறே அதோட கண்ணளவுதாங்க. தினமும் விருந்து போட்டா எந்த வயிறு தாங்கும்?”

முதலில் பட்டினி போடச் சொன்னார். லங்கணம் பரம ஔஷதம் என்பது மனிதருக்கு மட்டுமில்லை போலிருக்கிறது. வயிறு வற்றியதும் பொடி இறால் கொடுங்கள், புழுவை எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். கரைந்தால் ஒவ்வொரு இறாலும் இமை முடி அளவுதான் இருக்குமாம். கொழுந்தனாரின் கையைப் பார்த்துவிட்டு, இது சிரமமாக இருந்தால் தூவிவிடுகிற உருண்டைத் தீனியும் இருக்கிறது என்றார்.

நீளமான புழுவையே தட்டுத்தடுமாறிப் பிடிக்கிற கை இந்தப் பொடியை எங்கே பிடிக்கும்? உருண்டையை வாங்கினால் கை பழையபடி தூங்கிவிடும். புழுவையே வாங்கினால் மீன் போய்விடும். எதையும் சொல்லிவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கொழுந்தனார் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறால் அட்டையை எடுத்தார்.

“இது கஷ்டந்தான் அண்ணி. இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு எது ஒத்துக்குதோ அதைத்தானே கொடுக்கணும்.”

மீன் பிழைத்தது. ஆரம்பத்தில் அது தின்றதைவிடத் தொட்டியின் அடியில் விழுந்ததுதான் அதிகம். விழுந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி இடுக்கியைப் பிடிப்பார். வியர்த்துக் கொட்டும், விடமாட்டார். போகப் போக விழுவது குறைந்தது. நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் முன்னறை நடுவில் நாற்காலியைப் போட்டு, துண்டை உதறிப் பிடித்துக்கொண்டு, அண்ணனை வந்து உட்காரச் சொன்னார். என் வீட்டுக்காரரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நேற்றுகூட வெட்டிக்கொண்டவர் மாதிரி போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். சாமியார் முடியெல்லாம் தரையில் குவிந்து கிடந்தது.

முடித்துவிட்டுக் கொழுந்தனார் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, பின்னாடி ஒரு பக்கம் கோணலாப் போச்சு.”

இவர் கண்ணாடியைக்கூடக் கேட்கவில்லை.

“போனாப் போகுது. அடுத்த மாசம் வெட்டுறப்ப சரி பண்ணிக்க.”

கொழுந்தனார் கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டார், மறுநாள் கடையைத் திறக்க எடுத்துப்போகிற பைக்குள் வைத்தார். நான் நேரே பிரிட்ஜைத் திறந்து புழு டப்பாவை எடுத்தேன். ஒரு கட்டியில் துளி கிள்ளிக் கரைத்து, முகம் சுளிக்காமல், என் கையாலேயே அந்த மீனுக்கு ஒரே ஒரு புழுவைக் கொடுத்தேன். “நல்லா இருடா ராசா” என்று சொன்னேன்.