மகேஸ்வரி திருப்பிப் போட்ட அமாவாசை

மகேஸ்வரிக்குச் சொந்த ஊர் மாதேஸ்வரன் மலைப்பக்கத்து ஹனூர், வாழ்க்கைப்பட்டது மைசூரில். மகளை வளர்க்க வேண்டுமென்று ஆறு வருஷம் வேலையை விட்டிருந்தவள், முப்பத்தைந்தாவது வயதில் அங்கேயே விஜயநகர்ப் பகுதியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. கூட இருப்பவர்களெல்லாம் இவளைவிடப் பத்து வயது சின்னவர்கள். வாய் நிறைய அக்கா என்பார்கள். ஆனால் இவள் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், காது மந்தமானவருக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி விளக்குவார்கள். அது அவளுக்கு எரிச்சலாக இருக்கும். அடுத்த வாரம் இவளுடைய வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். ஆறு வருஷத்தில் எல்லாம் மறந்துபோச்சு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே கவலை.

கம்பெனி நடத்துவது ஒரு போன் செயலி. மாதேஸ்வரன் மலைக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று அது சொல்லும். அமாவாசைக்கு விடும் சிறப்பு பஸ்களையும் காட்டும். அந்த நாளைக் கண்டுபிடிக்கும் பழைய நிரலைப் படித்தபோது மகேஸ்வரி சிரித்தேவிட்டாள். இந்த மாதம் திதி செவ்வாய்க்கிழமை காலையிலேயே பிறந்துவிடுகிறது, நிரலோ புதன்கிழமை என்கிறது! திதி பிறந்ததும் மலைக்குக் கிளம்புவதுதான் அவள் வீட்டுப் பழக்கம். மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் எவனோ எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டி, செவ்வாய் என்று வரும்படி முந்தைய வெள்ளிக்கிழமையன்றே மாற்றி எழுதினாள்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பொதுப் பிரதியில் சேர்ப்பார்கள். அந்தப் பிரதியில் சேர்ந்தது அப்படியே ஜனங்களின் போனுக்குப் போய்விடும். அன்றைக்குப் பார்த்தவன் பரத்.

"ஹௌதா அக்கா, நெஜமாவா, அமாவாசை இப்படித்தான் வருமா?" என்று கேட்டான். பிறகு அவனே, "நீங்க அந்த ஊர்க்காரங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லி, மேற்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டான். மூன்று மாதத்தில் முதல் முறையாக ஒருத்தர் தன்னிடம் விளக்கம் சொல்லாமல் தலையாட்டியதில் மகேஸ்வரிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு ஹனூரிலிருந்து அம்மா மாரியம்மா போன் செய்தாள்.

"ஏங்கண்ணு, உன்ற போனுல இன்னைக்கு ஒம்பது மணிக்கு மலை பஸ்ஸுன்னு போட்டிருக்குதே, ஒண்ணையுங் காணமே? நாப்பது பேரு நிக்கறோம். எல்லாரும் வூட்டுக்குப் போலாங்கறாங்க. எம்மவ செஞ்சது, பொய்யாவாது, நில்லுங்கன்னு நாந்தான் சொல்லி வெச்சிருக்கறேன்."

"செத்த இரும்மா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று மகேஸ்வரி போனை வைத்தாள். பஸ் டிப்போவிலிருந்து வந்திருந்த பட்டியலை அப்போதுதான் திறந்து பார்த்தாள். சிறப்பு பஸ்கள் புதன்கிழமைதான். டிப்போக்காரர்கள் திதி எப்போது பிறக்கிறது என்று பார்ப்பதில்லை, நாட்காட்டியில் அமாவாசை என்று போட்டிருக்கும் நாளில் வண்டி விடுகிறார்கள். பழைய நிரலை எழுதியவனுக்கு மலை தெரியாவிட்டாலும் டிப்போ தெரிந்திருக்கிறது.

வெளியே போயிருந்த பரத்தைப் போனில் கூப்பிட்டாள்.

"அய்யோ, ஓகே கொடுத்தது நான்தானே!" என்று பதறினான் அவன். "அக்கா, பொதுப் பிரதிய வியாழக்கிழமை இருந்த நிலைக்கே தள்ளிடுங்க. நாம மாத்தினதுக்கு அடையாளமே இருக்காது. யாருக்கும் தெரியாது."

வழி அவளுக்கும் தெரிந்ததுதான். ஒரே வரிக் கட்டளை. மாற்றங்களின் வரலாற்றில் வெள்ளிக்கிழமை என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். அடுத்த வாரம் கம்பெனிப் பெரியவர்கள் உட்கார்ந்து அவள் பெயரைத் தேடினால் நல்லது மட்டும் கிடைக்கும். ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கட்டளையை முழுசாக அடித்தும்விட்டாள்.

அடித்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று மாற்றங்களின் பட்டியலை ஒருமுறை பார்த்தாள். அவளுடைய மாற்றத்துக்கு மேலே திங்கட்கிழமை, கூட வேலை செய்யும் ஸ்வாதி சேர்த்த மூன்று மாற்றங்கள் இருந்தன. மலையிலிருந்து திரும்பி வரும் பஸ்களின் நேரங்கள், நாளைக்கே தேவைப்படுபவை. வியாழக்கிழமைக்குப் போனால் அவையும் சேர்ந்து பொதுப் பிரதியிலிருந்து காணாமல் போகும். ஸ்வாதிக்கு நஞ்சன்கூட்டில் அன்று நிச்சயதார்த்தம். மோதிரம் மாற்றிக்கொள்ளும் நேரத்தில் அவளைக் கூப்பிட்டு உன் வேலையைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா?

"பரத்து, ஸ்வாதியோடதும் சேந்து போயிரும்ப்பா. நான் ரிவர்ட் போடறேன். நீ போன்லயே பாத்துச் சரி சொல்லு. இந்தத் தடவையாச்சும் படிச்சுட்டுச் சொல்லு."

"ரிவர்ட் போட்டா உங்க பேரு அப்படியே நிக்குமே அக்கா. தப்பும் நிக்கும்."

"நிக்கட்டும்."

அடித்த கட்டளையை அழித்தாள். ரிவர்ட் எதையும் கிழித்தெறிவதில்லை. தப்பான மாற்றம் எதுவோ, அதற்கு நேர் எதிரான மாற்றத்தை எல்லாவற்றுக்கும் மேலே புதிதாகச் சேர்க்கும். நடுவில் இருக்கும் அடுத்தவர் வேலையைத் தொடாது. காரணம் எழுதச் சொல்லிக் கேட்கும் இடத்தில், 'டிப்போ பட்டியலைப் பார்க்காமல் எங்கள் வீட்டுப் பழக்கத்தை வைத்து நாளை மாற்றினேன். தவறு. பழையதே சரி. மகேஸ்வரி' என்று எழுதினாள். எழுதும்போது முகம் சுட்டது. பரத் இம்முறை இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தான். நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள் ஓடி முடிந்தன. பதினொன்றுக்கு அவளுடைய போனிலேயே புதன்கிழமை என்று வந்துவிட்டது. ஸ்வாதியின் திரும்பும் பஸ்கள் மூன்றும் அப்படியே இருந்தன.

இனி ஹனூர்தான் பாக்கி. கம்பெனியில் எழுதிவைப்பதைவிட அது பெரும்பாடாக இருந்தது. சர்வர் கோளாறு என்று சொன்னால் அம்மா நம்புவாள், கூட்டத்துக்கும் அதையே சொல்வாள். அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, பஸ்ஸு நாளைக்குத்தான். நாந்தான் தப்பாப் போட்டுட்டேன். வேற யாரும் இல்ல, நாந்தான். இப்பச் சரி பண்ணிட்டேன். எல்லார்த்தையும் வூட்டுக்குப் போகச் சொல்லிரும்மா."

நாற்பது பேர் முன்னால் அம்மாவைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று மகேஸ்வரிக்கு அழுகை முட்டியது.

மாரியம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்போலும். அவள் குரல் தூரத்திலிருந்து, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"ஏனுங், எல்லாருங் கேட்டுக்குங்க! பஸ்ஸு நாளைக்குத்தானாம். எம்மவதான் தப்பாப் போட்டுட்டாளாம். மறைக்காம அவளே கூப்புட்டுச் சொல்லிப்போட்டா!"