பதினாறு கட்டங்களில் இல்லாத சொல்

இந்தப் பதிவில் படம் எதுவும் இல்லை. காரணம் கடைசியில்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து பாரூர் போய்வந்தேன். இசைக் கலைஞர்கள் தாளம் போடும் தொடுபலகை ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. பதினாறு ரப்பர் கட்டங்கள். விரல் பட்டாலே ஒலிக்கும். தாளத்துக்குப் பதிலாகச் சொற்களைப் பதிந்து, ஒரு ஸ்பீக்கரை இணைத்தால், பேச முடியாத ஒருவருக்கு உதவுமே என்று தோன்றியது. தோழி ஒருத்தி ஷகிலாவைப் பற்றிச் சொன்னாள். போச்சம்பள்ளியில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். மூளையில் ரத்தக்கசிவு வந்து பேச்சு போய்விட்டது. வலது கை கொஞ்சம் அசையும். நாம் சொல்வதெல்லாம் புரியும்.

காலை ஆறரைக்கு பஸ். கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கே போச்சம்பள்ளி பஸ் மாறினேன். ஞாயிறு என்பதால் கம்பெனி பஸ்கள் இல்லை, சாலை காலி. பாரூருக்கு ஆட்டோ 150 ரூபாய். டிரைவர் முதலில் கன்னடத்தில் பேசிப் பார்த்தார், பிறகு தெலுங்கு, கடைசியில் தமிழ். மடியிலிருந்த பலகையைக் காட்டி, "கேரம் போர்டா பாப்பா?" என்றார். இது பேசும் என்று பெருமையாகச் சொன்னேன்.

ஏரிக்குப் பக்கத்தில் வீடு. ஷகிலாவின் அண்ணி நூர்ஜஹான் அவரைச் சாய்த்து உட்காரவைத்தார். நான் போனை நிறுத்திவைத்து வீடியோ எடுக்கத் தொடங்கினேன். யாரையும் கேட்கவில்லை.

ஷகிலா பலகைமேல் கையை இழுத்தார். தண்ணீர் கொடுங்கள், நன்றி, ஆமாம், பசிக்கிறது, நன்றி. எல்லாம் என் குரல், செய்தி வாசிப்பதுபோல. கை வேகமானது. மியூசிக்கே வாசிக்கிறாங்களே என்று சிரித்துக்கொண்டு போனை இன்னும் பக்கத்தில் நகர்த்தினேன்.

நூர்ஜஹான் ஷகிலாவின் தலையிலிருந்து நழுவியிருந்த முக்காட்டை இழுத்துவிட்டார்.

"வாசிக்கலைங்க மேடம், தேடுறா. வேணாங்கறதுக்கு எந்தக் கட்டம்?"

அப்படி ஒன்று இல்லை. ஆமாம் இருந்தது. கை எந்தப் பக்கம் போனாலும் எட்டட்டும் என்று நன்றியை இரண்டு இடத்தில் வைத்திருந்தேன். ஷகிலா எதையாவது மறுக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீடியோவை அவர் கண்முன்னே அழித்தேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு நன்றியை எடுத்துவிட்டு, அங்கே நூர்ஜஹானின் குரலில் "வேணாம்" பதிந்தோம். உப்புமா தட்டு வந்தது. வேணாம். தண்ணீர் வந்தது. வேணாம்.

"இனிமே உப்புமா கிண்டினா நான் செத்தேன்," என்றார் நூர்ஜஹான். ஷகிலாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. அதில் சேர்ந்துகொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஞாயிறு மாலை பஸ் குறைவு, ஐந்துக்குள் கிளம்பிவிடுங்கள். இப்படிப் பலகை செய்கிறவர்களுக்கு: முதல் கட்டத்திலேயே மறுப்பைப் பதியுங்கள். குரல் அந்த வீட்டுக் குரலாக இருக்கட்டும். போன் பையிலேயே இருக்கட்டும்.

கிளம்பும்போது, பெயர்களை மாற்றி இதை எழுதலாமா என்று ஷகிலாவிடம் கேட்டேன். நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தைத் தொட்டார். "ஆமாம்" என்றது என் குரல். பலகையை மட்டுமாவது ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.

இந்த முறை அவர் யோசிக்கவில்லை. நூர்ஜஹானின் குரல் கணீரென்று வந்தது.

"வேணாம்."