சத்தம் போடாத கடிகாரம்

கம்பம் பள்ளத்தாக்கில் கைக்கடிகாரத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் ஒருவனும் கிடையாது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் பேத்தி சிரித்துவிட்டாள், ஆகையால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மணி பார்க்கவே தெரியாது. பெரிய முள்ளுக்கும் சின்ன முள்ளுக்கும் நடுவில் நான் இன்றைக்கும் தடுமாறுகிறவன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அது அபாண்டம். இரண்டு தடவை ஒதுங்கியிருக்கிறேன். இரண்டாம் தடவை வாத்தியார் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார், அதற்கு நனைவதே தேவலை என்று ஓடி வந்துவிட்டேன். இதுகூட நான் வாயால் சொல்லப் பேத்தி எழுதுவதுதான். என் பேச்சிலுள்ள கெட்ட வார்த்தைகளை அவள் எடுத்துவிடுவதால் கதை கொஞ்சம் சின்னதாகிவிடும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மணி பார்க்கத் தெரியாவிட்டாலும், ஒரு கடிகாரம் எதனால் உசத்தி ஆகிறது என்பது எனக்குத் தெரியும். எட்டு வயதில், என் மாமாவின் கல்யாணத்தைப் பணயம் வைத்து நான் படித்த படிப்பு அது.

மாமா என் ஆத்தாவுக்கு ஒரே தம்பி. குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். துரைக்குக் காலையில் அவித்த முட்டை வேண்டும். சொன்ன நிமிடத்துக்கு மேல் ஒரு கொதி கூடக் கொதித்தாலும் தொடமாட்டாராம். அந்த முட்டைக்காகவே மாமா மணி பார்க்கக் கற்றுக்கொண்டார். சண்டை மூண்டதும் துரை பட்டாளத்துக்குக் கிளம்பினார். கிளம்பும்போது தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மாமாவின் கையில் கட்டிவிட்டுப் போனார். மாமா மலையிலிருந்து இறங்கி, கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய சொத்து ஒரு தகரப்பெட்டி, இரண்டு சட்டை, முட்டை அவிக்கும் வித்தை, அந்தக் கடிகாரம். நிலம் ஒரு குழி கிடையாது.

நிலம் இல்லாததால் இரண்டு இடத்தில் பெண் கேட்டுக் கை விட்டுப் போயிற்று. மாமாவுக்கு வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஓடைப்பட்டியில் ஒரு பெண் அமைந்தபோது, தரகர் நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடிகாரத்தைப் பற்றித் திறந்துவிட்டார்.

பெண்ணின் அப்பாவும் கடிகாரம் கட்டுகிறவர். ஓடைப்பட்டியில் நாலு குடும்பத்துக்குப் பொதுவான கிணறு ஒன்று இருந்தது. மாடு கட்டிக் கமலையில் இறைக்கிற கிணறு. யார் எவ்வளவு நேரம் இறைக்கலாம் என்பதில் வெட்டுக்குத்து வராமல் காத்தது அவருடைய கடிகாரம்தான். மஞ்சள் மஞ்சளென்று சொம்பு மூடி அகலத்துக்கு இருக்கும். அவரிடம் போய்த் தரகர் சொல்லியிருக்கிறார், "எங்க மாப்பிள்ளை கட்டியிருக்கிறது துரை கட்டுனது. அதுக்கு முன்னால உங்க கடிகாரம் வெறும் பித்தளை."

"அப்படியா? வெள்ளிக்கிழமை வாரேன், பாத்துருவோம்," என்றாராம் அவர்.

ஆத்தாவுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. அந்தக் காலத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள், மனசுக்குப் பிடித்தால்தான் நம் வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். "அவுக கை நனைச்சா என் தம்பிக்குக் கல்யாணம். நனைக்காமப் போயிட்டாகன்னா அவன் மறுபடி மலையேறிருவான், இனி இறங்க மாட்டான்," என்று அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காப்பிக்கடையில் இதே பஞ்சாயத்துதான். மாமாவின் கடிகாரம் சின்னது, வெள்ளை நிறம், மினுமினுப்பு கிடையாது. இதில் என்ன உசத்தி இருக்கிறது என்று பலபேருக்குச் சந்தேகம். பெரிதாக இருப்பதுதான் உசத்தி என்றார் ஒருவர். அப்படியென்றால் மாட்டு மணியைக் கட்டிக்கொள்ளலாமே என்றார் இன்னொருவர். பேரில்தான் இருக்கிறது, வாயில் நுழையாத பேராக இருந்தால் உசத்தி என்றார் மூன்றாமவர். மாமாவின் கடிகாரத்திலும் ஏதோ பேர் எழுதியிருந்தது. என் கண்ணுக்கு அது நாலைந்து கட்டெறும்பு வரிசையாகப் போவதுபோல இருந்தது. இவ்வளவு பொடியாக எழுதினால் எவனுக்குத் தெரியும் என்று ஒருவர் கேட்டதற்குத் தரகர் சொன்ன பதில் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

"பேரைப் பெரிசா எழுதுனா அது பலசரக்குக் கடைய்யா. ஒசந்த சாமான் தன்னைப் பத்தித் தானே கத்தாது. தெரிஞ்சவன் தேடி வந்து பாக்கணும், தெரியாதவன் கண்ணுல படவே கூடாது."

நான் வாயைப் பிளந்தபடி அதை அப்படியே மனசில் ஏற்றிக்கொண்டேன். படிக்காதவனிடம் ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால் அதன்படி நடந்துவிடுவான்.

வெள்ளிக்கிழமை காலை மாமா வாய்க்காலுக்குக் குளிக்கப் போனார். போகும்போது கடிகாரத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்துக் காதில் வைத்தேன். டிக்கு டிக்கு டிக்கு என்று ஒரே கத்தல். உசந்த சாமான் கத்தாது என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது, இது இப்படிக் கத்துகிறது. வருகிறவர் காதில் வைத்தால் மாமாவின் கதி என்ன ஆவது?

சத்தத்துக்கு வைத்தியம் எனக்குத் தெரியும். எங்கள் கமலை உருளை கிரீச்சிட்டால், சுவரில் தொங்கும் மூங்கில் குழாயை எடுத்து விளக்கெண்ணெய் விடுவது என் வேலை. அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கதிர் அரிவாளின் முனையால் கடிகாரத்தின் பின்மூடியை நெம்பினேன். உள்ளே குட்டிக் குட்டியாக எத்தனையோ சக்கரம். இவ்வளவு உருளைக்கும் ஒருவரும் எண்ணெய் விடாமல் இருந்திருக்கிறார்களே என்று பரிதாபமாகிவிட்டது. வஞ்சனை இல்லாமல் ஊற்றினேன். எண்ணெய் மூலைக்கெல்லாம் போகவேண்டும் என்று ஒரு கருவேல முள்ளால் கிண்டியும் விட்டேன். கடிகாரம் இரண்டு தடவை முனகியது. பிறகு அமைதி. மூடியை அமுக்கி, டவுசரில் துடைத்து, பானைக்குள் வைத்துவிட்டேன். டவுசர் என்று பேத்திதான் எழுதுகிறாள். கோவணம்தான்.

மாமா வந்து அவசரமாகக் கட்டினார். "என்னடா வழுக்குது?" என்றார். "வேர்வை மாமா," என்றேன்.

பெண்ணின் அப்பா தரகரோடு வந்தார். ஆள் நெடுநெடுவென்று உயரம். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஊர் மழை, மாட்டு விலை எல்லாம் பேசி முடித்துவிட்டு, "தம்பி, அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்," என்றார்.

மாமா கழற்றிக் கொடுத்தார். அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வலது காதில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து இடது காதுக்கு மாற்றினார். வீட்டில் கேட்டதெல்லாம் அவர் கையிலிருந்த மஞ்சள் கடிகாரத்தின் டிக்கு டிக்குதான். மாமாவின் முகம் ரத்தம் வற்றி வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஆத்தா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

நான்தான் பேசினேன். "அது சத்தம் போடாதுங்க. ஒசந்த கடிகாரம் சத்தம் போடக் கூடாது. உங்க கடிகாரந்தான் எண்ணெ காணாத கமலை மாதிரி கத்துது."

தரகர் என் வாயைத் துண்டால் பொத்தினார். கொஞ்சம் தாமதம். அதற்குள் பெரியவரின் காதிலிருந்து ஒரு சொட்டு கழுத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொட்டு முகர்ந்தார். சுவரில் தொங்கிய மூங்கில் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அய்யா, காலையில வரைக்கும் இது…" என்று மாமா ஆரம்பித்தார்.

"இருங்க." அவர் கையமர்த்திவிட்டு என்னிடம் திரும்பினார். "ஏலே, உங்க கமலைக்கு எண்ணெ விடுறது யாரு?"

"நாந்தேன்."

"கத்துமா?"

"நான் விட்டா ஒரு சத்தம் வராது."

"அது தெரியுது." துண்டை எடுத்துக் காதைத் துடைத்துக்கொண்டார். பிறகு தரகருக்கும், கதவுக்குப் பின்னால் இருந்த ஆத்தாவுக்கும் கேட்கிற மாதிரி, "பய சொல்றது சரிதான். ஒசந்த கடிகாரம் அப்பிடித்தான் இருக்கும்," என்றார். தன் கையிலிருந்ததைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது பைக்குள்ளிருந்தும் கத்திக்கொண்டுதான் இருந்தது. "இலையைப் போடச் சொல்லுங்க மாப்பிள்ளே. பசிக்குது."

தம்பி மாப்பிள்ளை ஆனதும் உள்ளே கரண்டி கீழே விழுந்தது. அவ்வளவு பெரிய மனிதர் என் பேச்சைக் கேட்டு வெட்கப்பட்டுத் தன் கடிகாரத்தை ஒளித்துக்கொண்டாரே என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெஞ்சனம் பரிமாறினேன்.

அன்று சாயந்திரம் மாமா என்னை அடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சிரித்துக்கொண்டே அடித்தார், அதனால் அவ்வளவாக வலிக்கவில்லை. மறுநாள் கடிகாரத்தைப் பெரியகுளத்துக்குக் கொண்டுபோனார். பழுது பார்க்கிறவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, முள்ளால் குத்தியதில் கம்பியெல்லாம் சிக்கிவிட்டது, இனிப் பிழைக்காது என்று கையை விரித்துவிட்டாராம். "இதை இனிமே கடிகாரக் கடைக்குக் கொண்டு வராதீக. பலகாரக் கடைக்குக் கொண்டு போங்க," என்று புத்தியும் சொல்லி அனுப்பினாராம்.

கல்யாணம் ஓடைப்பட்டியில். எங்களுக்கு முன்னால் கடிகாரத்தின் புகழ் போய்விட்டது. சத்தமே போடாத துரை கடிகாரத்தைப் பார்க்க வந்தது, பொண்ணைப் பார்க்க வந்த கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம். மாமா மணவறையில் இடது கையை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டு, கை சுளுக்கியவர்போல உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் நெருங்கியபோது கூட்டத்தில் ஒருவர், "மாப்பிள்ளை கையில இருக்கிறதைப் பாத்துச் சொல்லட்டுமே, மணி என்ன?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மாமாவின் நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்குக்கு வந்துவிட்டது.

அப்போது பெண்ணின் அப்பா குறுக்கே வந்தார். "மாப்பிள்ளே, பாத்த நாள்லருந்து எனக்கு உங்க கடிகாரத்து மேல ஆசை. மாத்திக்கிருவமா? ஒசந்ததுக்கு ஈடா ஒசந்தது என்கிட்ட இல்ல. இது கொஞ்சம் சத்தம் போடும், பொறுத்துக்கிருங்க," என்று சொல்லி, மாமாவின் கையிலிருந்ததை அவிழ்த்துத் தான் கட்டிக்கொண்டு, மஞ்சள் கடிகாரத்தை மாமாவின் கையில் கட்டினார்.

மாமா அதைப் பார்த்து மணியைச் சொன்னார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது. எனக்கோ ரத்தம் கொதித்தது. துரை கட்டிய கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு, கத்துகிற பித்தளையை எங்கள் தலையில் கட்டிவிட்டார், மாமா பாவம் வாய் திறக்க முடியாமல் அழுகிறார் என்று நினைத்தேன். அந்த அநியாயத்துக்காக அந்தக் கல்யாணத்தில் நான் பாயசம் குடிக்கவில்லை. ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அத்தையோடு ஓடைப்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அவரைக் கிணற்றடியில் பார்ப்பேன். கையில் எங்கள் கடிகாரம் இருக்கும். ஆனால் தண்ணீர் முறையைப் பிரிப்பதற்குத் தரையில் ஒரு குச்சியை நட்டு, நிழலை அடி வைத்து அளந்துகொண்டிருப்பார். அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் கேட்டார், "கையில கடிகாரத்தைக் கட்டிக்கிட்டுக் குச்சி எதுக்குய்யா?"

"இது துரை கட்டுனது. நல்லது பொல்லதுக்கு மட்டும் பாக்குறது. தண்ணி பாயுறதுக்கெல்லாம் இதைப் பாத்தா அதுக்கு என்ன மரியாதை?" என்றார் அவர். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். எல்லாரையும்விட அதிகமாக ஆட்டியவன் நான். ஓகோ, வேலைக்கு உபயோகப்படாமல் இருப்பதும் உசத்திக்கு ஒரு லட்சணம் என்று அதையும் மனசில் ஏற்றிக்கொண்டேன். அந்த ஒரு லட்சணம் எனக்கே நிறைய இருந்ததால் சந்தோஷமாகவும் இருந்தது. சாகிற வரைக்கும் அவர் அதைக் கழற்றவில்லை. ஒரு நாளும் அதற்குச் சாவி கொடுத்து நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் எனக்கு உறைத்தது எப்போது என்றால், என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க உத்தமபாளையம் பக்கம் போன அன்றைக்கு. அந்த வீட்டில் ஒரு ரேடியோப் பெட்டி இருந்தது. தரகர் அதைப் பற்றி வழியெல்லாம் அளந்துகொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளைப் பையன், அதாவது இதை எழுதிக்கொண்டிருக்கிறவளின் அப்பன், அதைத் திருகுகிறான், திருகுகிறான், ஒரு சத்தமும் வரவில்லை. அவன் ஆத்தா கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். பையனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நான் கட்டிலை விட்டு எழுந்துபோய், அந்தப் பெட்டியில் காதை வைத்து, அன்றைக்கு ஓடைப்பட்டிப் பெரியவர் சொன்ன மாதிரியே…

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி கத்துகிறாள், "ஏங்க, மோட்டாருக்குக் கரண்டு வந்து எம்புட்டு நேரமாச்சு, அங்கன என்ன கதை? போய் மோட்டாரைப் போடுங்க."