தோற்ற சோதனைகளும் சேர்த்து

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'அடம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவளுக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

வேதியியல் படித்தவள், கணினி நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இயந்திரக் கை இருந்தது. குப்பிகளை எடுத்துக் கலக்கும், சூடாக்கும், விளைந்ததை அளக்கும், அடுத்து எதைக் கலப்பது என்று தானே முடிவு செய்யும். அதை ஓட்டும் நிரல் முழுக்க அவள் எழுதியது. மாணவர்கள் அந்தக் கைக்கு 'மச்சான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இவ்வளவு வேலை வாங்கியும் முகம் சுளிக்காத மச்சான் உலகத்தில் வேறு எங்கே கிடைப்பான் என்று கேலி.

மச்சான் செய்த சோதனைகளில் பெரும்பாலானவை உருப்படவில்லை. உருப்பட்ட கொஞ்சம் அருமையாக இருந்தது. கட்டுரை எழுதும் நேரத்தில் துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டார்.

"பெரிய பத்திரிகைக்கு அனுப்பும்மா. ஜெயிச்சத மட்டும் போடு. நிரல வெளிய விடாத."

"அதைக் காசு கட்டினாத்தான் படிக்க முடியும் சார். போன கட்டுரையை எங்க அக்காவாலயே படிக்க முடியல. அவ ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி டீச்சர்."

"உங்க அக்கா படிக்கவா ஆராய்ச்சி பண்றோம்?"

"ஆமா சார்."

எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத இணைய இதழ் ஒன்றை அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். நிரல், அளவுகள், தோற்ற சோதனைகள் எல்லாவற்றையும் அதில் திறந்து வைக்கப் போவதாகச் சொன்னாள்.

"தோத்ததைப் போய் யாராவது ஊருக்குக் காட்டுவாங்களா?"

"மறைச்சா அதே குழியில இன்னொருத்தர் விழுவாங்க சார்."

"அப்ப என் பேரை எடுத்துடு." மிரட்டலாகத்தான் சொன்னார். அவள் அவர் மேசைமேலேயே மடிக்கணினியைத் திறந்து பெயரை நீக்கினாள். "எடுத்துட்டேன் சார், பாத்துக்குங்க."

கட்டுரை வந்த கையோடு மச்சான் வேறொருவர் பொறுப்புக்குப் போனான். அவளுக்கு மாடிப்படிக்குக் கீழே ஜன்னலில்லாத அறை. அக்கா போனில் பொரிந்து தள்ளினாள்: "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதாடி உனக்கு?"

"தெரியாது."

அடுத்த அடி எதிர்பாராத இடத்திலிருந்து விழுந்தது. எங்கோ ஒரு சிறிய கல்லூரி ஆசிரியர் அவள் நிரலை வரிவரியாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஓரிடத்தில் நொடிகளை நிமிடங்களாகக் கணக்கிட்டிருக்கிறாள். நல்ல முடிவுகளில் ஒன்று தப்பு. அவளுக்குப் பணிவாக மின்னஞ்சல் எழுதியிருந்தார். அவர் சொன்னது தவறாக இருக்கக் கூடாதா என்று மறுபடி மறுபடி சரிபார்த்தாள். தவறில்லை. அன்றைக்கே, கண்டுபிடித்தவர் பெயரோடு திருத்தத்தை இதழுக்கு அனுப்பினாள்.

துறைக் கூட்டத்தில் தலைவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "ஊரே பாத்துச்சு. இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்."

அவள் எழுந்தாள்.

"ஆமா, தப்பு என்னோடதுதான். திறந்து வெச்சதால ஒருத்தர் பாத்தாரு, திருத்தியாச்சு. பூட்டி வெச்சிருந்தா அது காலத்துக்கும் உண்மையாவே இருந்திருக்கும். உங்க பழைய கட்டுரைங்களோட கணக்கையும் திறந்து வைங்க சார். எல்லாரும் பாக்கட்டும்."

தலைவர் அவசரமாக அடுத்த விஷயத்துக்குத் தாவினார்.

அந்த வருடப் பதவி உயர்வில் அவள் பெயர் இல்லை. அவளும் அந்தக் கல்லூரி ஆசிரியரும் சேர்ந்து, கழித்துப்போட்ட பிரிண்டர்களின் மோட்டார்களைக் கொண்டு சின்னதாக ஒரு கை செய்தார்கள். முதலில் அது குடிகாரனைப் போலத் தள்ளாடிக் குப்பிகளை உடைத்தது. சரியான பிறகு வரைபடம், நிரல், உடைந்த குப்பிகளின் படம் உட்பட எல்லாம் அதே இதழில் வந்தன.

நடைபாதையில் தலைவர் மறித்தார். "நீ இன்னும் திருந்தலையா?"

"தப்பு இருந்தா திருத்துவேன் சார். திருந்தறதா இல்ல."

சொல்லிவிட்டுப் படிக்குக் கீழே தன் அறைக்குப் போனாள்.