தீம் பார்க் வாசலில் அப்பாவின் மஞ்சப்பை

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என் மகள் யாழினிக்குப் பத்து வயது முடிந்தது. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு ஹைவேயில் இருக்கும் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிறேன் என்று நான்கு மாதமாக அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இனி ஏமாற்ற முடியாது என்றாகிவிட்டது. பார்க் பெயரை எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும், மற்றவர்கள் எந்தப் பார்க் போனாலும் வாசல் ஒன்றுதான்.

இரண்டு வருடம் முன்பு இதே பார்க்குக்கு நான்கு பைகளோடு போனோம். செக்யூரிட்டியில் ஒவ்வொன்றையும் கவிழ்த்தார்கள். புளியோதரை, முறுக்கு, ஆரஞ்சு, தண்ணீர் பாட்டில் மூன்று என எதுவும் உள்ளே போகக் கூடாதாம். ஐம்பது நிமிடம் நின்றோம். கொட்ட மனசு வராமல் அந்தப் புளியோதரையைக் காலை ஒன்பதே முக்காலுக்கு வாசலிலேயே நின்று தின்று தீர்த்தோம். அதற்குப் பிறகு ராட்டினத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டாம்.

அதனால் இந்த முறை நான் போட்ட சட்டம் ஒன்றுதான்: குடும்பத்துக்கு ஒரே ஒரு பை. அதுவும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் ஜிப் பை. நான்கு பேருக்கும் தண்ணீரில் இறங்க நைலான் உடுப்பு, மாற்றுத்துணி, இரண்டு மெல்லிய துண்டு, ஒரு போன், ஒரு ஏடிஎம் கார்டு, ஆதார் நகல், அவ்வளவுதான். பெல்ட் கிடையாது, சேஃப்டி பின் கிடையாது. என் கணவர் செந்திலின் சாவிக்கொத்தைக்கூடப் பிடுங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

நான்காவது ஆள் என் அப்பா. ஆவடி ஃபேக்டரியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸை விட்டதும் நெமிலிச்சேரியில் வீடு கட்டினார். அம்மா போன பிறகு அங்கே தனியாக இருக்கிறார். நாங்கள் இருக்கும் அம்பத்தூரில் ரயில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன். ஃபேக்டரி கேட்டில் தினமும் இரண்டு தடவை சோதனை பார்த்த உடம்பு அது. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் நின்றாலும் அவர் கை இரண்டும் தானாக மேலே போகும். செக்யூரிட்டி விஷயத்தில் அப்பாவைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை.

காலை 7.10-க்கு வாடகைக் கார் வந்தது. நாள் முழுக்க 2,600 ரூபாய், டீசல் உட்பட. டிரைவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாக்கா, ஃபேமிலியா போறீங்கன்னு சொன்னாங்க, கையை வீசிகினு வர்றீங்க?" எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை நெமிலிச்சேரி வரை, அதாவது 13 கிலோமீட்டர், 35 நிமிடம் நீடித்தது. அப்பா தெருமுனையில் தயாராக நின்றார். கக்கத்தில் ஒரு மஞ்சப்பை.

"அப்பா, பை கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சின்னப் பைதாம்மா. என் மடியிலயே வச்சிக்கிறேன்."

"உள்ள என்ன இருக்கு?"

"இன்னாவோ கீது. உனுக்கு இன்னாத்துக்கு?"

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, பீடி. அம்மா போனதும் விட்டுவிட்டேன் என்றார், நான் ஒரு நாளும் நம்பியதில்லை. அவுட்டர் ரிங் ரோடு முழுக்க அந்தப் பைக்காகச் சண்டை போட்டேன். "உடுக்கா, பெரியவரு ஆசையா எடுத்துகினு வர்றாரு" என்று டிரைவர்கூடச் சிபாரிசு செய்தார். நான் விடவில்லை. அப்பாவும் விடவில்லை. நசரத்பேட்டையில் இறங்கி இட்லி, பொங்கல் சாப்பிட்டோம், நான்கு பேருக்கு 380 ரூபாய். அங்கேயும் இடது கை பையைவிட்டு நகரவில்லை, வலது கையால் சாப்பிட்டார்.

9.05-க்குப் பார்க் வாசல். டிக்கெட் பெரியவர்களுக்கு 950, யாழினிக்கு 800, அப்பாவுக்கு மூத்த குடிமக்கள் சலுகையில் 700. சோதனைக்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை, பக்கத்துப் பக்கத்து மேஜை. என் ஜிப் பையை அந்தப் பெண் காவலர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். மொத்தமே நாற்பது நொடி. "எல்லாரும் இப்டி வந்தா எங்களுக்கு வேலையே இல்லக்கா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் திமிரில்தான் செய்தேன். பக்கத்து மேஜையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "சார், அந்த மஞ்சப்பையை நல்லா பாருங்க. பீடி வச்சிருப்பாரு."

வரிசையில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இளவயதுக் காவலர் ஒருவர் கையில் சோதனைக் கருவியோடு, "கையைத் தூக்குங்க பெரியவரே" என்றார். அப்பா தூக்கவில்லை. ஒரு அடி பின்னால் போனார். உள்ளங்கையை இடது நெஞ்சில் வைத்து மறைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து நான் பார்த்த அப்பா எந்தச் சோதனைக்கும் பின்வாங்கியதில்லை.

"மெஷினு வேணாம் நைனா. கையால தடவிப் பாத்துக்கோ."

"கையைத் தூக்குப்பா! மானத்தை வாங்காதே" என்று கத்தினேன். ஆமாம், அத்தனை பேர் முன்னால். இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது.

காவலர் மஞ்சப்பையைப் பிரித்தார். மாத்திரை அட்டை இரண்டு, ஒரு துண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன அட்டை ஒன்று. அதைப் படித்தவர் கருவியை உடனே கீழே இறக்கினார்.

"மேடம், ஐயாவுக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

இதயத்துடிப்பு குறைந்துபோனால் தட்டிக்கொடுக்க நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கிற கருவி அது. அந்த வார்த்தை எனக்குத் தெரியும். என் அப்பாவோடு சேர்த்து அதை அன்றுதான் கேட்கிறேன். செந்தில்தான் என்னைப் பிடித்து ஓரமாக இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்தார். காவலர் அப்பாவைக் கையாலேயே சோதித்து, மாத்திரையோடு உள்ளே போகலாம், வேகமாகச் சுத்துகிற, தூக்கிப்போடுகிற எதிலும் ஏறக்கூடாது என்று மெல்லச் சொன்னார்.

அட்டையில் தேதி இருந்தது. போன ஆடி மாதம். அந்த நாலு நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்பா சிநேகிதர்களோடு திருப்பதி போயிருந்த நாலு நாள்.

"மொட்டை ஏன் போடலைன்னு கேட்டேனே, அப்பா."

"கேட்ட."

"லட்டு கொடுத்தியே! எட்டு வீட்டுக்குப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தேனே!"

"அது மாணிக்கத்தோட மச்சினி வாங்கியாந்தது. அவங்க நெஜமாவே போயிகினு வந்தாங்க."

மாணிக்கம் மாமா அப்பாவோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், அடுத்த தெரு. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது அவர்தானாம். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அப்பா இடது கையைத் தூக்கவில்லை. தோள் பிடித்துக்கொண்டது என்றார். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், அந்தச் சோற்றை நானே பரிமாறியிருக்கிறேன்.

"ஏம்ப்பா சொல்லலை? நான் என்ன செத்தா போயிட்டேன்?" அழுகையும் கோபமும் சேர்ந்து குரல் கிறீச்சிட்டது.

"சொன்னா இன்னா பண்ணுவ? அன்னிக்கே வண்டி எடுத்துகினு வந்து என்னை உன் ஊட்ல கொண்டுபோயி ஒக்கார வச்சிருப்ப. நெமிலிச்சேரி ஊட்டுக்கு டு-லெட் போர்டு மாட்டிருப்ப. எனுக்கு என் ஊட்ல இருக்கணும்மா."

இல்லை என்று சொல்ல முடியாது. உண்மையைச் சொல்கிறேன், அந்த பெஞ்சில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே யாழினியின் மேஜையை எங்கே நகர்த்தினால் அப்பாவின் கட்டிலைப் போடலாம் என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன். "இன்னைக்கே நீ நம்ம வீட்டுக்கு வர்ற" என்று சொல்லியும்விட்டேன்.

அப்பா எழுந்து பையைக் கக்கத்தில் வைத்தார். "அப்போ நான் பஸ்ஸு புடிச்சி என் ஊட்டுக்குப் போறேன். கொயந்தையை நீ உள்ள கூட்டிகினு போ."

யாழினி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "ரோலர் கோஸ்டர்ல என்கூட வர்றேன்னு சொன்னியே தாத்தா?"

"வர முடியாதுடா கண்ணு. முட்டி வலின்னு சொல்லிக்கலாம்னு நெனச்சேன். மாட்டிக்கினேன்."

அவள் கையை விடவில்லை. "அப்போ குட்டி ட்ரெயின்ல வா."

அவளோடு உள்ளே போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். குட்டி ரயிலில் மூன்று சுற்று, படகில் ஒரு சுற்று. செந்திலும் யாழினியும் தண்ணீரில் கிடந்தார்கள். நான் ஒரு ராட்டினத்திலும் ஏறவில்லை, அப்பாவின் சட்டைப் பைக்கு அடியில் அந்தக் கருவி இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு டீயோடு மாத்திரை போட்டார். அவர் மாத்திரை போடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரம் பார்த்துத் துடிப்பை எண்ணினார்.

"தெனம் காலைல ஆறு மணிக்கு மாணிக்கம் வருவான். எண்ணிட்டு டீ குடிக்கப் போவோம். நான் கதவைத் தொறக்கலன்னா அவன்கிட்ட ஒரு சாவி கீது."

என்னிடம் அந்த வீட்டின் சாவி இல்லை. ஒரு நாளும் கேட்டதும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லும் பேச்சை நான் எடுக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஒன்பதரைக்கு முன் வாசலில் இருங்கள், பத்தரைக்குப் பிறகு வரிசை ரோடு வரை வந்துவிடுகிறது. வயிற்றை வெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு தயிர்சாதம் 120 ரூபாய். பருத்தித் துணியோடு தண்ணீரில் விடமாட்டார்கள். லாக்கர் 150, நான்கு பேர் துணிக்கு ஒன்று போதும். பையைக் குறையுங்கள், கட்டாயம் குறையுங்கள். ஆனால் வீட்டில் யாராவது ஒரு பையை விடமாட்டேன் என்றால் முதல் நாளே, தனியாக, சத்தம் போடாமல் ஏன் என்று கேளுங்கள். நெஞ்சில் கருவி வைத்தவர்கள் அட்டையைப் பைக்குள் புதைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சோதனைக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

5.40-க்குக் கிளம்பி 6.30-க்கு நெமிலிச்சேரி. தெருமுனையில் கார் நின்றதும் அந்த அட்டையை இன்னொரு தடவை கேட்டேன். உறையிலிருந்து உருவிக் கொடுத்தார். பின்பக்கம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இடத்தில், மாணிக்கம் மாமாவின் நம்பர். பேனாவுக்குக் கையை நீட்டினேன். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

"கீழ எய்து. மேல இருக்கிறதை அடிக்காத. அவன் ரெண்டு நிமிசத்துல வருவான், நீ ஆறு ஸ்டேஷன் தாண்டி வரணும்."

அடிக்கவில்லை. மாணிக்கம் மாமாவுக்குக் கீழே, இரண்டாவதாக, என் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கித் தன் வீட்டுக்கு நடந்தார்.