வலது மூலையில் ஸ்பீக்கர் படம் தெரிகிறதா, மேடம்?

போன வெள்ளிக்கிழமை வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போன கோபத்தை வைத்துக்கொண்டு பத்தி எழுத முடியாது.

காலையில் ரேவதியிடமிருந்து போன்.

“அண்ணா, கம்ப்யூட்டர் பூட்ச்சுணா. பேசவே மாட்டேங்குது. மூணு மணிக்கு இன்டர்வியூ கீது. கொஞ்சம் வர்றியா?”

ரேவதி இந்தப் பத்தியின் வாசகி. எர்ணாவூர் குடியிருப்பில் இரண்டாவது மாடி. பத்தி வெளியாகிற அன்று எனக்கு வருகிற முதல் போன் அவருடையதுதான். பாராட்டுவார் என்று நினைக்காதீர்கள். “இன்னாணா, இந்த வாரம் ஒப்பேத்திட்ட போலக்கீது?” என்பார். பல வாரங்களில் அது உண்மையாகவும் இருக்கும்.

ரேவதிக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. என் எழுத்தை அவருக்குப் படித்துக் காட்டுவது அவருடைய லேப்டாப். ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தையெல்லாம் குரலாக்கிச் சொல்லும். மெயில், பேங்க், செய்தி எல்லாமே அவருக்குக் காது வழியாகத்தான். எம்.ஏ. வரைக்கும் அப்படியே படித்து முடித்தவர்.

இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தார். இப்போதுதான் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. வாடிக்கையாளர் சேவை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரே நிபந்தனை — சொந்த லேப்டாப்பிலிருந்துதான் இன்டர்வியூவில் கலந்துகொள்ள வேண்டும், அதிலேயே ஒரு மெயிலைப் படித்துப் பதில் அடித்துக் காட்ட வேண்டும். வேறு தேதி கேட்டால்? கிடையாதாம்.

அப்படிப்பட்ட நாளுக்கு முந்தைய இரவுதான் அந்த லேப்டாப் தன்னைத்தானே மேம்படுத்திக்கொண்டது. ஆபரேட்டிங் சிஸ்டம் புத்தம் புதுசு! யார் கேட்டார்கள்? அது கேட்டபோதெல்லாம் ரேவதி “அப்புறம் பார்க்கலாம்” என்றுதான் சொல்லியிருக்கிறார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் அதுவே செய்துவிட்டது.

நான் இருக்கும் திருவொற்றியூரிலிருந்து எர்ணாவூர் கூப்பிடு தூரம்தான். கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டால். அன்றைக்கு விடவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். தெருவில் ஆடி வெள்ளி. வேப்பிலைத் தோரணம், பெரிய அண்டாவில் கூழ், கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் காது கிழியும் அம்மன் பாட்டு.

நான் படியேறி வாசலில் நிற்கும்போது ரேவதி கஸ்டமர் கேரோடு பேசிக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“மேடம், கீழ வலது மூலையில ஸ்பீக்கர் படம் தெரியுதா?”

“தெரியாதுங்க.”

“நல்லாப் பாருங்க மேடம். சின்னதா இருக்கும்.”

“எனக்குக் கண்ணு தெரியாதுங்க.”

எதிர்முனையில் ஏதோ தாள் புரட்டும் சத்தம். பிறகு அந்தப் பையன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:

“பக்கத்துல யாராவது பெரியவங்க இருக்காங்களா, மேடம்?”

ரேவதிக்கு முப்பத்திரண்டு வயது.

“நானே பெரியவதான் நைனா. ரெண்டு புள்ள பெத்தவ. உனுக்கு எவ்ளோ பெருசு வோணும்?”

போன் வைக்கப்பட்டது. யார் வைத்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறான். அதை எழுதிக் கொடுத்தார்களே, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு... உலகத்தில் எல்லாருக்கும் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும் என்று முடிவு செய்தார்களே, அவர்கள்மேல்தான்.

லேப்டாப்பைப் பார்த்தேன். திரை பளபளவென்று இருந்தது. “உங்களுக்காக எல்லாவற்றையும் இன்னும் சிறப்பாக்கியிருக்கிறோம்” என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன்.

“எனக்காகவா?” என்றார் ரேவதி. அதற்கு மேல் அவர் சொன்னதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

உங்களுக்கும் எனக்கும் கம்ப்யூட்டரில் சத்தம் போனால் பாட்டுதான் போச்சு. ரேவதிக்குச் சத்தம் போனால் திரையே போச்சு. விசைப்பலகையைத் தட்டலாம். ஆனால் எதைத் தட்டினோம், என்ன திறந்தது, எதுவும் தெரியாது. ஹெட்போன் செருகினாலும் அதே ஊமை. சத்தத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் சத்தம் வேண்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

வேலையை ஆரம்பித்தோம். கண் என்னுடையது, மற்றதெல்லாம் ரேவதியுடையது. பழைய சிஸ்டத்தில் எந்த மெனுவுக்குள் எத்தனையாவதாக எது இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம்.

“நாலாவதா செட்டிங்ஸ் கீதா?”

“இல்லை. நாலாவதாக ஏதோ வானிலை இருக்கிறது.”

“வானிலையா? அத்த யாரு கேட்டா? கைய வெளிய நீட்னா தெரியுது வெயிலு.”

எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். “என் வூட்டுக்குள்ள பூந்து சாமானையெல்லாம் நகத்தி வெச்சிட்டுப் போனாப்பல கீதுணா” என்றார் ரேவதி. குரல் லேசாக உடைந்தது. அதுவரைக்கும் கோபம்தான் பட்டிருந்தார். அப்போதுதான் பயம் வந்தது. எனக்கும் வந்தது.

ஒருவழியாகக் கருவிகளின் பட்டியலைக் கண்டுபிடித்தோம். சத்தத்துக்குப் பொறுப்பான சவுண்ட் கார்டின் பெயருக்கு எதிரே மஞ்சள் முக்கோணம், அதில் ஓர் ஆச்சரியக்குறி. ஆச்சரியப்பட வேண்டியது நாங்கள். அது எதற்கு ஆச்சரியப்படுகிறது?

“டிரைவரத் தூக்கிக்கீறானுங்கணா” என்றார் ரேவதி.

டிரைவர் என்பது சவுண்ட் கார்டுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவே தூது போகிற சின்ன புரோகிராம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தூக்கிவிட்டு, பொருந்தாத புதுசு ஒன்றைப் போட்டிருந்தார்கள். பழையதற்குத் திரும்பிப் போகும் பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. லேப்டாப் கம்பெனியின் இணையதளத்துக்குப் போனால், “இந்த மாடலுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது” என்றது. வாங்கும்போது மட்டும் வாசல்வரை வந்து வழியனுப்பினீர்களே ஐயா!

விடவில்லை. அந்தப் பக்கத்தின் அடியாழத்தில் பழைய டிரைவர் ஒன்று கிடைத்தது. என் போனில் நெட்டைத் திறந்துவிட்டு இறக்கினோம். புதுசை நீக்கினோம். பழையதைப் போட்டோம். ரீஸ்டார்ட். மஞ்சள் முக்கோணத்தைக் காணோம்.

ஆனால் சத்தம் வந்ததா?

தெரியவில்லை! ஜன்னலுக்கு நேர் எதிரே குழாய் ஸ்பீக்கர். அம்மன் பாட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஹெட்போனை மாட்டினாலும் அந்தப் பாட்டுதான் கேட்டது. ரேவதி லேப்டாப்மேல் காதை வைத்துப் படுத்துவிட்டார். “வர்ற மாரியும் கீது, வராத மாரியும் கீதுணா...” மணி இரண்டரை ஆகியிருந்தது.

சட்டென்று எழுந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே தாழ்வாரத்துக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து, பாட்டையும் மீறிக் குரல் கொடுத்தார்.

“பாபு! ஏ பாபு! மைக்செட்டக் கொஞ்சம் நிறுத்துபா!”

மைக்செட் பாபு நிமிர்ந்து பார்த்தார். “இன்னாக்கா, கூழு ஊத்துற நேரத்துல போயி...”

“எனுக்கு இன்டர்வியூ கீதுபா. கம்ப்யூட்டர் பேசுதா இல்லியானு காது குடுத்துக் கேக்கணும்.”

“அப்டியா? இரு, ஒரு வார்த்த கேட்டுக்கறேன்.”

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் ஏதோ சொன்னார். அந்த அம்மா கரண்டியை ஆட்டியபடியே எங்கள் மாடியைப் பார்த்துக் கத்தியது எனக்கே கேட்டது: “நிறுத்துபா! ஆத்தா ஒண்ணும் கோச்சிக்க மாட்டா. பாட்டு இல்லாங்காட்டி கூழு தொண்டைல எறங்காதா இன்னா?”

பாட்டு நின்றது. அறைக்குள் திரும்பினோம்.

லேப்டாப் பேசிக்கொண்டிருந்தது. படு வேகத்தில், மூச்சு விடாமல். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ரேவதிக்கு அந்த வேகம்தான் பழக்கம். கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். கன்னம் நனைந்திருந்தது.

“இன்னாக்கா, பேசுதா?” கீழேயிருந்து பாபு.

“பேசுதுபா!”

“அப்ப முடிச்சிட்டு ஒரு கொரல் குடு. அதுக்கு அப்பால போட்டுக்கறேன்.”

இன்டர்வியூ நடந்தபோது நான் தாழ்வாரத்தில் நின்றேன். கீழே கூழ் வாங்க வந்த பிள்ளைகளை யாரோ “ஷ்ஷ்!” என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு கேள்வி காதில் விழுந்தது. கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்?

ரேவதி நிதானமாகச் சொன்னார்: “அவங்க சொல்றத முழுசாக் கேப்பேன். பக்கத்துல யாராவது பெரியவங்க இருக்காங்களான்னு மட்டும் கேக்க மாட்டேன்.”

நேற்றுக் காலை போன் செய்தார். வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். சந்தோஷத்தில் நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னொண்ணு கீதுணா,” என்றார் ரேவதி. “காலைலேந்து லேப்டாப்பு இன்னொரு அப்டேட்டு ரெடின்றான். அப்புறம்னா, சரி, ராத்திரி நானே போட்டுக்கறேன்றான்.”

பாருங்கள், இறங்கப் பார்த்த கோபம் மறுபடி ஏறிவிட்டது.

ஆடி வெள்ளியில் அம்மன் பாட்டையே ஒரு வார்த்தை கேட்டு நிறுத்தினார்கள், ஒரு குரலுக்குக் காத்திருந்து மறுபடி போட்டார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களே, நீங்கள் என்ன அம்மனைவிடப் பெரிய ஆளா?